முதியோர் இல்லத்தில் மேஜிக் காட்டப் போகிறீர்களா?

முதல் தடவை ஒரு முதியோர் இல்லத்துக்கு மேஜிக் காட்டப் போனபோது, ஒரு பாட்டியிடம் ஐம்பது காசு வாங்கி மறைய வைத்தேன். அடுத்த வரிசையில் இருந்த தாத்தாவின் காதுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். காசைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் போன் செய்தார். அந்தப் பாட்டி இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். தலையணை உறையைக் கழற்றி, மெத்தையைத் தூக்கி, "என் காச எவனோ எடுத்துக்கிட்டான்" என்று தேடிக்கொண்டே இருந்தாராம். காசு அவருடைய கைலி முடிச்சிலேயே இருந்திருக்கிறது.

ஒரு காசு மறைந்து திரும்பி வருவது நமக்கு வேடிக்கை. கண்ணாடி எங்கே, பல்செட் எங்கே, மகன் எங்கே என்று நாள் முழுக்கத் தேடுகிற ஒருவருக்கு அது வேடிக்கை இல்லை. யாரோ தன் பொருளைத் திருடுகிறார்கள் என்ற எண்ணம் மறதி நோயில் அடிக்கடி வருவது. அந்த எண்ணத்துக்கு நானே தீனி போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பெட்டியில் மறைய வைக்கும் வித்தைகளுக்கு இடமில்லை. வருகிற வித்தை, நிறைகிற வித்தை, கிழித்தது ஒட்டுகிற வித்தை, ஒன்று இரண்டாகிற வித்தை, இவைதான் இருக்கின்றன. மோதிரம், கடிகாரம், காசு எதையும் யாரிடமும் இரவல் வாங்குவதில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

எங்கே தொடங்குவது

மலேசியாவின் பினாங்கில் தீவுப் பக்கமும் சரி, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் சரி, பல வகை இல்லங்கள் இருக்கின்றன. தொண்டு அமைப்புகளும் சமயத் தொண்டர்களும் நடத்துபவை சில. தனி பங்களாவில் இருபது முப்பது பேரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தனியார் இல்லங்கள் நிறைய. ஆதரவு இல்லாதவர்களுக்காகச் சமூக நல இலாகா நடத்தும் இல்லங்களுக்கு ரூமா ஸ்ரீ கெனாங்கான் என்று பெயர். இது போக, பகலில் வந்து பேசி, பாடி, உடற்பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கான மையங்களும் உண்டு. அவற்றை பாவே என்பார்கள்.

உங்கள் முதல் நிகழ்ச்சியை பகல் மையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிறவர்கள் நடமாட்டத்தோடு இருப்பவர்கள், வாய்விட்டுக் கேலி செய்வார்கள், "இடது கையில வச்சிருக்க!" என்று கத்துவார்கள். அந்தப் பயிற்சி நமக்கு வேண்டும். படுக்கையில் இருப்பவர்களும் மறதி நோய் உள்ளவர்களும் அதிகம் இருக்கும் இல்லத்துக்கு மூன்று நான்கு நிகழ்ச்சிக்குப் பிறகு போனால் போதும்.

தனியார் இல்லம் என்றால் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, இப்படிப்பட்ட இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். அரசாங்க இல்லத்துக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நல்லது. மற்ற இடங்களில் மேட்ரனிடம் நேரில் பேசினாலே காரியம் ஆகும்.

பேசும்போது கேட்க வேண்டியவை: எத்தனை பேர், எந்தெந்த மொழி, காது கேளாதவர்கள் எத்தனை பேர், பக்கவாதம் வந்தவர்கள் யார் யார், எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, மறதி நோய் யாருக்கு, ஆக்சிஜன் வைத்திருப்பவர் உண்டா. கடைசிக் கேள்விக்கு ஒருவர் என்று பதில் வந்தாலும் தீப்பொறி, குப்பென்று எரிந்துபோகும் ஃபிளாஷ் பேப்பர், மெழுகுவத்தி எதையும் காரில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். நான் எந்த இல்லத்துக்கும் நெருப்பு எடுத்துப் போவதில்லை. பலூனும் வேண்டாம். அது வெடிக்கிற சத்தத்தில் பதறிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு நாள் வெறுங்கையோடு போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எந்தத் தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர், யார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எந்த ஆச்சி பசாரில் மீன் விற்றவர் என்று தெரிந்துவிடும். மேடைப் பேச்சு அங்கேதான் கிடைக்கும்.

நாளும் நேரமும்

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் போகாதீர்கள். அந்த வாரங்களில் பள்ளிக்கூடம், கம்பெனி, அரசியல் கட்சி என்று ஆளுக்கொரு கூட்டம் பழக்கூடையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போகும். பெரியவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பெருநாள் முடிந்த மூன்றாம் வாரம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, வாசல் பக்கம் யாருமே வராத நாள் இருக்கிறதே, அன்றைக்குப் போங்கள்.

காலை பத்து மணி மிக நல்ல நேரம். பசியாறி, குளித்து, மருந்து சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயச் சாயப் படபடப்பு கூடும், ஆகவே மாலை வேண்டாம். நிகழ்ச்சி முப்பது நிமிடம் போதும். ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீதி நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன எடுத்துப் போவது

சீட்டுக்கட்டு வேண்டாம். எண் கண்ணுக்குத் தெரியாது. சூது என்று முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வயதாக ஆக விழி லென்ஸ் மஞ்சளித்துவிடுவதால் நீலத்தையும் பச்சையையும், கருநீலத்தையும் கருப்பையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே பொருள்கள் பெரிதாக, சிவப்பிலோ மஞ்சளிலோ இருக்கட்டும். நீங்கள் ஒரே நிறத்தில் கருஞ்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் சிவப்புக் கயிறு பளிச்சென்று தெரியும். பூப்போட்ட பாத்தேக் சட்டைக்கு முன்னால் எந்த வித்தையும் எடுபடாது.

நான் ஐந்து பொருள்தான் கொண்டு போகிறேன்.

முதலாவது, வற்றாத செம்பு. மேஜிக் உலகத்தில் லோட்டா என்பார்கள். செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டு மேசையில் வைக்கிறோம். அடுத்த வித்தை முடிந்ததும் மறுபடி எடுத்து ஊற்றினால் மறுபடி தண்ணீர். செம்பின் சுவர் இரட்டைச் சுவர். கழுத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதை விரலால் அடைத்திருக்கும்வரை உள்ளே மறைந்திருக்கும் தண்ணீர் நகராது, விரலை எடுத்தால் மெல்ல ஊறி வரும். இதை ஒரே மூச்சில் காட்டி முடிக்காதீர்கள். நிகழ்ச்சி முழுக்க ஒவ்வொரு வித்தைக்கும் நடுவில் ஒரு தடவை ஊற்றுங்கள். மூன்றாவது தடவை நீங்கள் செம்பின் பக்கம் திரும்புவதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிடும். "இன்னும் இருக்கும்யா, ஊத்து" என்று முன்வரிசையே கட்டளை போடும். ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது நினைவில்லாதவருக்கும் இது வேலை செய்கிறது. அவருக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை, பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார். ஊற்றுவது மட்டும் ஒரு பெரிய வாளிக்குள் இருக்க வேண்டும். கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். தரையில் சிந்திய கைப்பிடித் தண்ணீரில் ஒரு தாத்தா வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

இரண்டாவது, மூன்று கயிறு. குட்டை, நடுத்தரம், நெட்டை. மூன்றும் கைக்குள் சேர்ந்து ஒரே நீளமாகிவிடும், அப்புறம் பழையபடி பிரிந்துவிடும். கயிறு விரல் தடிமனில் மெத்தென்று இருக்கட்டும். 30, 70, 110 சென்டிமீட்டரில் வெட்டிப் பழகத் தொடங்குங்கள். குட்டையும் நெட்டையும் சேர்ந்தால் நடுக்கயிற்றின் இரண்டு மடங்கு வர வேண்டும், கணக்கு அவ்வளவுதான். உங்கள் கைக்கு ஏற்ப ஓரிரு சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கயிறுக்கு நான் சொல்லும் கதை தோட்டத்துக் கதை. நெட்டைக் கயிறு பெரிய துரை, நடுக்கயிறு கணக்கெழுதும் கிராணி, குட்டைக் கயிறு பால்மரம் வெட்டுகிற நாம். "விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல மூணு பேரும் நிக்கிறாங்க. துரை ஒசரம், கிராணி நடு, நம்ம ஆளு?" என்று கேட்டால் "குட்டை!" என்று பதில் வரும். கயிறு மூன்றும் சமமாகும்போது வருகிற சத்தம் வேறு எந்த வித்தைக்கும் வந்ததில்லை. ஒரு தடவை, கெடாவில் முப்பது வருஷம் மரம் வெட்டிய ஒரு பாட்டி, நான் கயிறுகளைத் திரும்பப் பிரிக்கப் போகும்போது கையைத் தூக்கி, "பிரிக்காத தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வித்தையைச் சமமாக நிறுத்திவிட்டே அடுத்ததுக்குப் போகிறேன். தோட்டத்தைப் பார்க்காத கூட்டம் என்றால் அண்ணன் தம்பி கதை சொல்லலாம். உங்கள் கூட்டத்துக்கு எது பொருந்தும் என்பது அந்த வெறுங்கை நாளில் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, ஸ்பாஞ்ச் பந்து. ஒரு பந்தை அவர் கையில் வைத்து மூடச் சொல்கிறோம், திறந்தால் இரண்டு. கற்றுக்கொள்ள எளிது, கண்ணாடி முன்னால் இரண்டு வாரம் பழகினால் வந்துவிடும். ஜெலுத்தோங் பக்கம் ஒரு இல்லத்தில் ஒரு அம்மாவுக்கு வலப்பக்கம் பக்கவாதம். நான் இடது கையை நீட்டச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். விரல்களை நானே மெல்ல மடக்கிப் பந்தை மூடினேன். திறக்கச் சொன்னதும் சுண்டு விரல் முதலில் அசைந்தது. பிறகு மோதிர விரல். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், யாரும் பேசவில்லை. நடுவிரல் விலகியதும் அமுங்கியிருந்த இரண்டாவது பந்து தானாக விரிந்து மடியில் உருண்டது. நீங்களும் அப்படிக் காத்திருங்கள். விரலைப் பிரித்துவிட உதவாதீர்கள், "சீக்கிரம்" என்று சொல்லாதீர்கள்.

பந்து வாங்கும்போது பெரிய அளவாக, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். சிறிய சிவப்புப் பந்து பலகாரம்போல இருக்கும், மறதி நோய் உள்ளவர் வாயில் போட்டுவிடுவார். உள்ளே போகும்போது எண்ணுங்கள், வெளியே வரும்போதும் எண்ணுங்கள்.

நான்காவது, கிழித்து ஒட்டும் பத்திரிகை. ஒரே நாளின் பத்திரிகை இரண்டு பிரதி வேண்டும் என்பதை மறந்து ஒன்றோடு கிளம்பிவிடுவார்கள் புதியவர்கள். கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். தமிழ்ப் பத்திரிகையாகவே வாங்குங்கள், கிழிப்பதற்கு முன் தலைப்புச் செய்தியைச் சத்தமாகப் படியுங்கள். "நேசன் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது என்று சொன்னால், அங்கிருந்து ஒரு பேச்சு கிளம்பும். வித்தை காத்திருக்கட்டும்.

ஐந்தாவது, பூப்பை. காலிப் பை என்று காட்டிவிட்டு மல்லிகைச் சரத்தை எடுப்பது. பார்வை போனவர்களுக்கும் வாசனை போய்ச் சேரும் என்பதால் இதை விடுவதில்லை. லிட்டில் இந்தியாவில் காலையிலேயே சரம் கிடைக்கும். ஆனால் சரத்தை நேராக ஒரு பாட்டியின் கையில் கொடுத்துவிடாதீர்கள். கணவரை இழந்த பிறகு பூவைத் தொடாமலே நாற்பது வருஷம் இருந்தவர்கள் அங்கே இருப்பார்கள். சீனப் பெரியவர்களுக்கோ வெறும் வெள்ளைப் பூ இழவு வீட்டை நினைவூட்டும். சரத்தோடு சிவப்பு ரோஜாவைக் கலந்து ஒரு தட்டில் வைத்து நடுவில் சுற்றிவர விடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், வேண்டாதவர் முகர்ந்துவிட்டுக் கொடுப்பார். சிலர் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

பூவுக்குப் பதில் மிட்டாய் வரவழைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. முதியோர் இல்லத்தில் இன்னும் அதிகம்தான் இருக்கும். விழுங்க முடியாமல் புரையேறுகிறவர்களும் உண்டு.

உட்காருகிற இடம்

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் உங்கள் கைக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் நின்றபடி காட்டினால் உள்ளங்கையில் ஒளித்தது அவருக்கு அடியிலிருந்து அப்படியே தெரியும். ஆகவே நீங்களும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டுங்கள். இல்லங்களில் நாற்காலிகளைச் சுவர் ஓரமாகச் சுற்றிப் போடுவதே வழக்கம், அதனால் பக்கவாட்டிலிருந்தும் கண்கள் இருக்கும். மேட்ரனிடம் சொல்லி அரைவட்டமாக, இரண்டே வரிசையில் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நீங்கள் வெறும் நிழல்தான்.

பக்கவாதத்தில் ஒரு பக்கப் பார்வை போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் பார்வை இருக்கிற பக்கத்தில் நீங்கள் வரும்படி உட்கார வையுங்கள். கண்ணீர் வந்தாலோ, ஒருவர் எழுந்து போக விரும்பினாலோ தடுக்காதீர்கள்.

பேச்சு

டிவியை நிறுத்தச் சொல்லுங்கள், பின்னணி இசை வேண்டாம். காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. வயதான காதுக்கு முதலில் போவது மெல்லிய கூர்மையான ஒலிகள். கத்தினால் குரல் கீச்சென்று ஆகி இன்னும் புரியாமல் போகும். கனத்த குரலில், மெதுவாக, முகத்தைக் காட்டிப் பேசுங்கள். மழை ஒரு பெரிய சங்கடம். தகரக் கூரையில் பினாங்கு மழை இறங்கினால் மைக் வைத்தும் பயனில்லை. ஆகவே ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டக்கூடிய பத்து நிமிடத்தைத் தயாராக வைத்திருங்கள். செம்பும் பந்தும் அதற்குப் போதும்.

கூட்டம் பெரும்பாலும் தமிழ், மலாய், சீனர்களின் ஹொக்கியன் என்று மூன்று மொழிக் கூட்டம். பேச்சு முழுவதையும் மூன்று மொழியில் சொல்ல வேண்டாம், வணக்கமும் எண்ணிக்கையும் போதும். "பசியாறியாச்சா?", "சுடா மாக்கான்?", "சியாக் பா போய்?" மூன்றும் ஒரே கேள்விதான், கேட்டதும் மூன்று பக்கமும் முகம் மலரும். பந்தைத் திறக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு தடவை, சத்து, டுவா, தீகா என்று ஒரு தடவை, இட், ஜி, சா என்று ஒரு தடவை எண்ணுங்கள். அவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள்.

தமிழர்களைத் தாத்தா, பாட்டி, ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். மலாய்க்காரர்களுக்கு பாக்சிக், மாக்சிக். சீனர்களுக்கு அ கோங், அ மா. சின்னப் பிள்ளைகளிடம் கொஞ்சுவதுபோல் மட்டும் பேசவே கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நாற்பது பேரை மேய்த்த கங்காணியாக இருந்திருப்பார்.

மந்திரம் ஓதுவதுபோல் நடிக்காதீர்கள். செய்வினை, சூனியம் என்று நிஜமாகவே பயப்படுகிற தலைமுறை அது. மலாய்ப் பெரியவர்களிடம் முதலிலேயே "இனி சிலாப் மாத்தா சஜா" என்று சொல்லிவிடுங்கள். கண்ணை ஏமாற்றும் கைத்திறன் என்று புரிந்துகொண்டு நிம்மதியாகப் பார்ப்பார்கள். மலாய் மூதாட்டியின் கையைத் தொட வேண்டிய வித்தையை நர்ஸின் கையில் காட்டினால் போதும். நமக்கோ செப்பிடு வித்தை என்ற பழைய வார்த்தையே இருக்கிறது. செப்பு என்றால் சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பந்தை வைத்து எடுத்துத் தெருவில் காட்டிய வித்தை அது. அந்த வார்த்தையைச் சொன்னால் ஊரில் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்த பிறகு

உடனே பெட்டியைக் கட்டாதீர்கள். பந்தை எண்ணி, எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிட்டு, நடந்து வர முடியாதவர்களின் அறைக்குப் போகலாமா என்று மேட்ரனிடம் கேளுங்கள். அங்கே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு வித்தை, ஐந்து நிமிடம். படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே மேலே கையைக் கொண்டு போனால் எல்லாம் தெரிந்துவிடும், அவர் மார்பு உயரத்தில் வைத்துக் காட்டுங்கள். சளி, இருமல் இருந்தால் அந்த அறைகளுக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு இல்லத்துக்கே போகக் கூடாது.

முகம் தெரியும் படம் எடுக்காதீர்கள். தான் அங்கே இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொண்டு இல்லங்களில் காசு வாங்காதீர்கள். மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லம் என்றால் பெட்ரோல் செலவும் பொருள் செலவும் கேட்பதில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார், யாருக்கு எந்தக் காது கேட்கும், யார் எந்தத் தோட்டம், எதற்குச் சிரித்தார்கள். அடுத்த தடவை புது வித்தை கேட்பார்கள் என்று நினைத்துத்தான் நானும் இரண்டாம் முறை புதுசாக நாலு பழகிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் முன்வரிசைத் தாத்தா கேட்டது, "செம்பு எங்க?" காரில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.